அப்பாவின் நெஞ்சு காயமும் உங்கள் புதிய மென்பொருளும்: ஒரு திறந்த மடல்

கார் இறக்குமதி நிறுவனத்தின் முகாமையாளர் அவர்களுக்கும், விற்பனைக்குப் பிந்திய சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு என் கார் வெறும் வீதியில் தானாக பிரேக் அடித்தது என்ற என் முறைப்பாடு உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பதிலும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதில் போதாது என்பதால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அப்டேட்டுக்கு முன்னர் காரில் இருந்த மென்பொருளைத் திருப்பிப் போட்டுத் தாருங்கள். அது முடியாவிட்டால், பிழை திருத்திய ஒன்றை இங்கே வந்து போட்டுத் தாருங்கள்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது எங்கள் பக்கத்திலும் பலர் இப்படியான கார்களை வாங்கினார்கள். நானும் விரும்பித்தான் வாங்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் கமரா, முன்பக்கத்தில் ரேடார், முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கொன்ட்ரோல், கோட்டுக்குள் பிடித்து வைக்கும் ஸ்டியரிங். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டிய எங்களுக்கு இது ஆடம்பரமில்லை. இரவு ஓட்டத்தில் காலுக்கும் கண்ணுக்கும் உண்மையான ஆறுதல். மீரிகமை - குருநாகல் அதிவேக நெடுஞ்சாலையில் இன்றைக்கும் அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நெடுஞ்சாலை குருநாகலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று எங்கள் வீடு வரைக்கும் சாதாரண வீதி. கிழக்கு மாகாணத்துக்குள் அதிவேக நெடுஞ்சாலை ஒரு கிலோமீற்றர்கூட இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்பாவுக்குக் கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து அழைத்து வந்துகொண்டிருந்தோம். நெஞ்செலும்பை நடுவால் வெட்டித் திறந்து, கம்பியால் கட்டி மூடியிருந்தார்கள். எலும்பு பொருந்தக் கிழமைக் கணக்கில் ஆகும், இருமும்போதுகூட தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் பின் சீட்டில், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணையை வைத்துக்கொண்டு இருந்தார். வெலிக்கந்தை தாண்டிப் புணானைப் பக்கம் வரும்போது விடிந்துவிட்டது. கிழக்கே பார்த்து வரும் வீதி என்பதால் வெயில் நேரே முகத்தில். குரூஸ் கொன்ட்ரோல் போட்டிருந்தேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. முன்னால் ஒன்றுமே இல்லை. யானையில்லை, மாடில்லை, சைக்கிள்கூட இல்லை. கார் தானாக பிரேக் அடித்தது. மெதுவாக அல்ல, ஆளைத் தூக்கி எறிகிற மாதிரி.

பெல்ட் இறுகி அப்பாவின் நெஞ்சை இழுத்துப் பிடித்தது. அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விட முடியாமல் தவித்தார். எங்களுக்குப் பின்னால் வந்த இரவு பஸ் ஹோர்ன் அடித்தபடி வலப்பக்கமாக வெட்டி எடுத்து, மயிரிழையில் தப்பிப் போனது. எதிரே ஒரு லொறி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அது யானை கடக்கிற இடம், நின்று பார்க்கவும் முடியாது. வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போய், எக்ஸ்ரே எடுத்து, கம்பி விலகவில்லை என்று டொக்டர் சொல்லும் வரைக்கும் அம்மா வாய் திறக்கவில்லை.

இதற்கு நீங்கள் எழுதிய பதில்: "இது ஓட்டுநருக்கு உதவும் வசதி மட்டுமே, பொறுப்பு எப்போதும் ஓட்டுநருடையது." சரி, ஒத்துக்கொள்கிறேன். வேகத்தையும் ஸ்டியரிங்கையும் கார் கவனிக்க, ஓட்டுநர் விழிப்போடு இருக்க வேண்டிய இரண்டாம் நிலைத் தானியக்கம் என்றால் அதுதான் அர்த்தம், வீதியைப் பார்க்க வேண்டியவன் நான்தான். ஆனால் கார் எப்போது பிரேக் பிடிக்கும், எப்போது பிடிக்காது என்று பழகித் தெரிந்துகொண்டால்தானே அந்தப் பொறுப்பை நான் சுமக்க முடியும்? வீதி அதே வீதி, வெயில் அதே வெயில். அப்டேட்டுக்கு முன்னர் அதே இடத்தால் வந்தபோது இப்படி நடந்ததில்லை. பழகியதை நீங்கள் மாற்றினீர்கள். மாற்றியது என்ன என்று திரையில் வந்தது ஆங்கிலத்தில் ஒரே வரி: "செயல்திறன் மேம்படுத்தப்பட்டது."

ஐக்கிய நாடுகளின் 156 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, அப்டேட் போடுவதற்கு முன்னர் அதன் நோக்கத்தையும் எந்தெந்தச் செயற்பாடுகள் மாறுகின்றன என்பதையும் பாவனையாளருக்கு அறிவிக்கச் சொல்கிறது. அந்த விதியை ஏற்ற நாடுகளில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் தகவல், புணானையில் ஓட்டுகிறவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அமெரிக்காவில் 2023 டிசம்பரில் டெஸ்லா தன் ஓட்டுநர் உதவி மென்பொருளுக்காக இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பகிரங்கமாகத் திருப்பி அழைத்தது. மென்பொருளும் காரின் ஒரு பாகம்தான். அதில் கோளாறு என்றால் அதைக் கோளாறு என்றே சொல்ல வேண்டும்.

"தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம்" என்றும் எழுதியிருந்தீர்கள். முன்னர் அணைத்தால் அணைந்தபடியே இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் கோட்டுக்குள் இழுக்கும் வசதி திரும்ப வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் சட்டம் அப்படிக் கேட்கிறது என்று அறிவேன். அங்கே கோடு இருக்கிறது. எங்கள் கல்முனை வீதியில் பாதி இடத்தில் கோடு அழிந்துவிட்டது. அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் வீதியின் ஒரு கரை முழுக்க நெல் காயும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இடம் விட்டு நான் வலப்பக்கம் விலகினால், ஸ்டியரிங் என் கையை மீறிப் பிள்ளையின் பக்கமே திருப்புகிறது. இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

பரிசோதிக்கக் காரைக் கொழும்புக்குக் கொண்டு வரச் சொல்கிறீர்கள். அதே காரை, அதே வீதியால், அதே மென்பொருளோடு ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறீர்கள் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். விற்கும்போது மட்டக்களப்புக்கு ஆள் அனுப்ப முடிந்தது. எங்களுக்கு எதுவும் இப்படித்தான்: பெரிய ஒப்பரேஷனா கொழும்பு, ஒரு உதிரிப்பாகமா அதுவும் கொழும்பு. அதையெல்லாம் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை, தெரியும். ஆனால் லப்டொப்போடு ஒரு தொழில்நுட்பவியலாளரை அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். பழைய மென்பொருளைத் திருப்பித் தாருங்கள், அல்லது திருத்தியதை இங்கே கொண்டுவந்து போடுங்கள். உங்கள் ஆள் வந்தால் விடியற்காலையில் வெலிக்கந்தை வரைக்கும் போய் ஓட்டமாவடி பக்கமாகத் திரும்பி வருவோம், அவரே ஓட்டிப் பார்க்கட்டும். இனிமேல் எந்த அப்டேட் என்றாலும் என்ன மாறுகிறது என்று தமிழில் எழுதிக் காட்டி, நான் சம்மதித்த பிறகு மட்டும் போடுங்கள். அடுத்த மாதம் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னர் இதைச் செய்து தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மட்டக்களப்பு