முன்கண்ணாடியை வெறுமையாக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பஸ், ஓட்டோக்களில் மாட்டியிருக்கும் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொல்லி 2025 ஜனவரியில் பொலிஸார் இறங்கியபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்துச் சாரதிமாரிடம் கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்: "அது பாட்டுக்கு ஓரமா தொங்குது, ரோட்டை மறைக்கலியே." பிரச்சினை மறைப்பதில் மட்டும் இல்லை.

கண் ஒரு பக்கம் இருந்தால் அங்கே இருக்கிற எல்லாம் மனதில் பதிந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் கவனம் இடத்தை மட்டும் பிடிப்பதில்லை, அந்த இடத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும் செய்யும். அமெரிக்காவில் நைசர், பெக்லன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1975இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பந்து விளையாட்டையும் ஒரு கைதட்டு விளையாட்டையும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓட விட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். மற்றதில் நடந்த விசித்திரங்கள் பெரும்பாலானோருக்குத் தெரியவே இல்லை, இரண்டும் கண்ணுக்கு நேரே அதே இடத்தில்தான் ஓடின! அப்புறம் நாசா, விமானத்தின் முன்கண்ணாடியிலேயே வேகம், உயரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு கருவியை, தரையிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுகிற மாதிரி விமானத்தில் வைத்துப் பார்த்தபோது, ஓடுபாதையில் குறுக்கே நின்ற இன்னொரு விமானத்தை அனுபவமுள்ள விமானிகள் சிலர்கூடக் காணாமல் இறங்கப் போனார்கள்.

இப்போது தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறுகிற ஒரு காலை பஸ்ஸைப் பாருங்கள். கண்ணாடியின் மேல் பாதியில் பிளாஸ்டிக் மாலை, சாமி படத்தைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னுகிற பல்ப், அதன் கீழே ஒட்டி வைத்த போன். ஆடுவதும் மின்னுவதும் கேட்காமலே கவனத்தை இழுக்கும். வலப்பக்கம் திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும் மாலை இடப்பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கத்தில்தான் நடைபாதையே இல்லாத ரோட்டோரத்தில், பனிமூட்டத்துக்குள், மழைக்குக் கறுப்பு பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு எங்கள் பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள்.

விபத்து நடந்த பிறகு "நான் காணவே இல்லை" என்று சாரதி சொன்னால் ஊரே பொய் என்கிறது. பல நேரம் அது உண்மையாகவே இருக்கும், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படிக் கண்ணெதிரே இருப்பதும் கவனத்தில் படாமல் போவதை அபராதம் போட்டோ திட்டியோ திருத்த முடியாது.

சாமியை எடுக்கச் சொல்லவில்லை. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் பலகையில் வைத்துக் கும்பிடலாம், மாலையும் அங்கேயே போடலாம். மலையகப் பாதைகளில் ஓடுகிற பஸ்களின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது முன்கண்ணாடி வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பஸ் உரிமையாளர் சங்கங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே கழற்றலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை