ரங்கப்பிள்ளை வீட்டுக்கு ரூம் சர்வீஸ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பற்றிய ஒரு வரிதான் இன்னும் உறுத்துகிறது. அந்த மாளிகையும் ஒரு ஹெரிடேஜ் ஹோட்டலாக மாறினால் ‘உயிர்பெறும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது எப்படிப்பட்ட வீடு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1738-இல் கட்டியது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், குடியிருந்த வீடு. கீழே நம் வீடுகளைப் போல முற்றமும் மரத்தூண்களும், மாடிக்குப் போனால் பிரெஞ்சுக் கட்டுமானத் தூண்கள். 1736-இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பில் கப்பல் வந்து சேர்ந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டு வம்பு எதுவும் தப்பவில்லை. 1761 ஜனவரியில் அவர் கண்மூடினார். அதே மாதம் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இந்த வீடு நின்றது. அதற்கு உயிர் கொடுக்க இனி ரூம் சர்வீஸ் வர வேண்டுமாம். நல்லது.

எங்கள் தாத்தா வீடு பெருமாள் கோயில் தெருப் பக்கம். கூட்டுக்குடும்பம் கலைந்ததும் மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடந்தது. பின்கட்டு கொஞ்ச காலம் அரிசி மண்டிக்குக் குடோன். திண்ணையில் ஒரு தையல்காரர். அவர் போனபின் ஜெராக்ஸ் கடை. சுண்ணாம்பு உதிர்ந்தது, மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல்-சுண்ணாம்புத் தளம் ஒழுகியது, எல்லாம் உண்மைதான். ஆனால் தெருவில் போகிற யாரும் அந்தத் திண்ணையில் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம். பங்காளிகள் விற்றபின் அது தங்கும் விடுதி ஆனது. திண்ணைக்குக் கம்பி கட்டினார்கள். போன வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். “புக்கிங் இருக்காம்மா?” என்றார் வாசலில் நின்றவர். நான் பிறந்த வீடு என்றேன். மேனேஜரைக் கேட்டுத்தான் விட முடியும் என்றார். பாவம், அவர் மேல் கோபமில்லை.

இதைத்தான் கட்டுரை உயிர் என்கிறது போலிருக்கிறது. முற்றத்தில் தொட்டி வைத்து அதில் பூ மிதக்க விட்டால் உயிர் வந்துவிடுமா? காபி விலையை நான் சொல்லப் போவதில்லை, உங்கள் நிருபர் பில்லைப் பார்த்திருப்பார்.

பழைய கட்டடங்களை அரசாங்கம் காப்பாற்றும் அழகையும் பார்த்தோம். பீச் ரோட்டில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. விழும்வரை விட்டுவிட்டு, அப்புறம் அதே மாதிரி புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். எல்லோரும் செல்பி எடுத்தார்கள். மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு வீடு விழுந்தால் அது செய்தியே இல்லை. மறுமாதம் அங்கே கண்ணாடி பதித்த ஜவுளிக்கடை நிற்கும். வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்பைச் சீர்செய்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. இரண்டு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இடமில்லை.

உள்ளே விடுகிற வீடும் இந்த ஊரில் இருக்கிறது. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு இன்று அருங்காட்சியகம், நூலகம். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வருகிறார்கள். அவையெல்லாம் உங்கள் கணக்கில் உயிருள்ளவையா இல்லையா என்று தெரியவில்லை. விடுதி நடத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பிழைப்பு அவரவர்க்கு. அதை ஊருக்குச் செய்யும் உபகாரமாக எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வார இறுதியில் எங்கள் தெருவில் வெளியூர் கார்கள் வாசலை அடைத்து நிற்பதைப் பற்றி ஏற்கெனவே எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. சரி, போகட்டும்.

கேட்பது ஒன்றுதான். கட்டுரையோடு போட்ட வரைபடத்தில் ரங்கப்பிள்ளை வீடு, வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது. அது வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட் பக்கம், அவர் பெயரிலேயே உள்ள தெருவில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி