இரண்டாம் தவணை நிறைவும் பிற்பகல் 1.30 மணியும்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டாம் தவணை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்தியாகிவிட்டன, தேர்ச்சி அறிக்கைகள் வகுப்பாசிரியர்களிடம் இருக்கின்றன. தமிழ்மொழித் தினப் போட்டியில் நமது பிள்ளைகள் வலய மட்டத்தில் நன்றாகச் செய்தார்கள். விளையாட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாரணர்கள் பாசறைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். விஞ்ஞான ஆய்வுகூடக் கூரையின் ஒழுக்கும் ஒருவாறு அடைக்கப்பட்டது. பங்களித்த எல்லோருக்கும் பாராட்டுகள். பெயர் விவரங்கள் அறிவித்தல் பலகையில் உள்ளன.

சரி, இனி இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்த விடயத்துக்கு வருகிறேன். பாடசாலை விடும் நேரத்தில் நமது கேற்றடியில் நடப்பவை பற்றியது அது.

1.30க்கு மணி அடிக்கிறது. கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் அந்த வெயிலில், அதுவும் தலைக்கவசத்தோடு, காத்து நிற்பது லேசுப்பட்ட காரியமல்ல. வேலையிடத்தில் அனுமதி கேட்டு ஓடி வருகிறவர்கள், கைக்குழந்தையோடு ஆட்டோவுக்குள் வியர்த்துக்கொண்டு இருக்கும் தாய்மார், எல்லோருடைய அவசரமும் விளங்குகிறது. ஆனால் ஒவ்வொருவரும் தமது பிள்ளையை வாயிற்படியிலேயே ஏற்ற நினைப்பதால் மோட்டார் சைக்கிள்கள் மஞ்சள் கடவையின் மேலேயே வரிசை கட்டி நிற்கின்றன. கடவை அடைபட்டதும் துவிச்சக்கர வண்டியில் போகும் பிள்ளைகள் நடு வீதிக்கு இறங்குகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசுசெரிய பஸ் திரும்ப வழியில்லாமல் ஹோர்ன் அடித்தபடி நிற்கிறது. அதில் ஏறி வவுணதீவுக்கு அப்பால் போகிற பிள்ளைகள் வீடு சேர்ந்து சோற்றில் கை வைக்க மூன்று மணிக்கு மேலாகிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி கண்டது நானல்ல, நமது மாணவர் பாராளுமன்றம். வாக்குச்சீட்டுப் போட்டுத் தெரிவான உறுப்பினர்கள் கூடி, இரண்டு அமர்வுகளில் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தரம் 6, 7 பிள்ளைகள் முதலில் பக்க வாயிலால் போக வேண்டும். துவிச்சக்கர வண்டிகள் அதற்குப் பிறகு. மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் மைதான ஒழுங்கையில் நிற்க வேண்டும். உயர்தர மாணவர்கள் கடைசியாக. உயர்தரப் பிள்ளைகள் தாங்களே கடைசி இடத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டதைப் பார்த்து ஆசிரியர்களே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகும் மாணவர்களுக்கு அந்த நேரத்துப் பாடக்குறிப்பை வகுப்பில் இருப்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற தீர்மானமும் இதே அமர்வில்தான் வந்தது. அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நடந்து வருகிறது.

கேற்றடித் தீர்மானம் மட்டும் நடக்கவில்லை. அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள் அல்ல என்பதுதான் காரணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீதியில் வாகனத்தை மறிப்பது மாணவத் தலைவர்களின் வேலையல்ல. அதற்குப் போக்குவரத்துப் பொலிஸார் வருகிறார்கள். கடவையின் ஓரத்தில் நின்று சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவதும், வருகிறவர்களிடம் "ஒழுங்கைப் பக்கம் நிப்பாட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்வதும்தான் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதற்காகத் தொழினுட்பப் பாடப் பிள்ளைகள் ஒட்டுப்பலகையை வட்டமாக வெட்டி, சிவப்பு மை பூசி, 'நில்' என்று எழுதிப் பிடியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். 'ல்'லின் புள்ளி மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக விழுந்திருந்தது.

கடந்த வாரம் அந்தப் பலகை ஒரு மாணவத் தலைவரின் கையிலிருந்து பறிக்கப்பட்டு வடிகானுக்குள் எறியப்பட்டது. எறிந்தவர் ஒரு பெற்றோர். அப்போது சொல்லப்பட்ட எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய ஒரு வசனம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைச் சொல்லி வந்தது, இது: "படுவான்கரையில இருந்து வந்த நீ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ?" கேற்றுக்கு உட்பக்கம் தரம் 6 பிள்ளைகள் புத்தகப் பைகளோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அதே வசனம் கன்டீன் வரிசையில் கேட்டது. சொன்னவர் தரம் 7 மாணவர் ஒருவர். வரிசையில் முந்த வேண்டாம் என்று தடுத்த இன்னொரு மாணவத் தலைவரிடம் சொன்னார். அந்த மாணவத் தலைவரின் வீடு படுவான்கரையில்கூட இல்லை, கல்லடியில். கூப்பிட்டு விசாரித்தபோது, "கேற்றடியில பெரியாக்கள் சொன்னாங்கதானே சேர்" என்றார். நான் அவரைக் கண்டித்தேன், ஆனால் கண்டிப்பு சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரவில்லை என்ற எண்ணம் போகவில்லை.

குடியுரிமைக் கல்விப் பாடத்தில் நமது பிள்ளைகள் அரசியலமைப்பைப் படிக்கிறார்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது. மற்றவர்களின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பது ஒவ்வொருவருக்கும் உள்ள கடமை என்று 28ஆம் உறுப்புரை சொல்கிறது. பரீட்சையில் கேட்டால் நமது பிள்ளைகள் முழுப் புள்ளியும் எடுப்பார்கள். பிறப்பிடம் என்று அதில் இருப்பது வாவிக்கு அக்கரையையும் சேர்த்துத்தான். அக்கரையில் விளைந்த நெல்லையும் அங்கிருந்து சட்டியில் வரும் தயிரையும் வேண்டாம் என்று சொல்லும் வீடு நமது பட்டணத்தில் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்ற மிதவைப் படகில் வாவியைக் கடந்து வந்து படித்தவர்கள் இன்று மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் இருக்கிறார்கள். நமது ஆசிரியர் குழாத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் அந்தப் பெற்றோரின் பிள்ளை கணிதம் படிக்கிறார்.

ஆகவே, பாடசாலை அபிவிருத்திச் சங்க நிறைவேற்றுக் குழுவோடு கலந்து எடுத்த முடிவை அறிவிக்கிறேன். மாணவத் தலைவர், காவலாளி, சிற்றூழியர் ஆகிய எவரையேனும் ஊர், இனம், மதம், சாதி, பெற்றோரின் தொழில் ஆகியவற்றைச் சொல்லி இழிவாகப் பேசுகிறவர், அது மாணவராக இருந்தாலும் பெற்றோராக இருந்தாலும், எனது அலுவலகத்துக்கு அழைக்கப்படுவார். ஒரு பிள்ளையின் மேல் கை வைத்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்யப்படும். யாருடைய சொந்தக்காரர், யாருடைய நண்பர் என்று பார்க்கப்படமாட்டாது. தயவுசெய்து சிபாரிசுக்கு எவரையும் அனுப்ப வேண்டாம்.

இந்த நான்கு வரி பெரும்பாலானவர்களுக்குரியது அல்ல என்பதும் தெரியும். முதல் நாளிலிருந்தே ஒழுங்கையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிற தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார் தாங்களாகவே ஒரு வரிசை வைத்துக்கொண்டார்கள், அதைக் குழப்புகிறவரை அவர்களே கண்டித்தும் விடுகிறார்கள். வடிகானுக்குள் விழுந்த பலகையை எடுத்துக் கழுவித் துடைத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போன தாய் யாரென்று இன்னும் தெரியவில்லை. அந்தப் பெற்றோரும் பிறகு வந்து அந்த மாணவத் தலைவரோடு தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, பெயரை நீங்களும் விசாரிக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தேர்ச்சி அறிக்கைகளை வியாழன் காலை 8.00 முதல் 11.00 வரை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம். கையொப்பமிட்டு மூன்றாம் தவணை முதல் நாளில் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பவும்.

அப்புறம் இன்னொன்று. மாரி தொடங்கினால் மைதான ஒழுங்கையில் தண்ணீர் தேங்கி மோட்டார் சைக்கிள் இறக்க முடியாமல் போகும். பிறகு எல்லோரும் மீண்டும் கடவைக்கே வந்துவிடுவார்கள். விடுமுறைக்குள் அங்கே கிறவல் போட வேண்டியிருக்கிறது. உழவு இயந்திரமும் பெட்டியும் வைத்திருக்கும் பெற்றோர் ஓரிரு பெட்டி ஏற்றித் தர முடியுமானால் அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கவும். பரவிவிட ஆட்கள் தேவையில்லை, உயர்தர மாணவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அதிபர்