ஜூலைக் கோப்புகளைத் திறவுங்கள்: ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

நீங்கள் ஆட்சியில் இருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பொய்ப்பழி சுமந்த கட்சி உங்களுடையது. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஜூலை 28 இரவு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன தொலைக்காட்சியில் பேசினார். கொழும்பு நான்கு நாளாக எரிந்துகொண்டிருந்தது. உடுத்த துணியோடு அகதி முகாம்களில் கிடந்த தமிழர்களுக்கு அந்த உரையில் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை. நடந்ததைச் சிங்கள மக்களின் கொதிப்பு என்று நியாயப்படுத்தினார். பிரிவினை கேட்பதைத் தடுக்கச் சட்டம் வரும் என்றார். இரண்டே நாளில் கதை மாறிற்று. எல்லாம் இடதுசாரிகளின் சதி என்று சொல்லி உங்கள் கட்சியையும், நவ சமசமாஜக் கட்சியையும், கம்யூனிஸ்ட் கட்சியையும் தடைசெய்தார்கள். மக்கள் கொதித்தார்களா, நீங்கள் சதி செய்தீர்களா? அரசாங்கம் இரண்டையும் சொன்னது. சதிக்கு இன்றுவரை ஆதாரம் காட்டவில்லை.

ஜூலை 23இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் 13 இராணுவத்தினரைக் கொன்றது உண்மை. மறுநாள் மாலை அவர்களின் இறுதிச் சடங்குக்காகக் கொழும்பு பொறளை கனத்தை மயானத்தில் கூட்டம் கூடியதும் உண்மை. ஆனால் அன்றிரவே பொறளை எரியத் தொடங்கியும், ஊரடங்குச் சட்டம் அடுத்த நாள் பிற்பகல் வரை வரவில்லை. தாக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு (பெயர்ப் பட்டியல்) இருந்தது. சிங்களவருக்குச் சொந்தமான வீட்டில் தமிழர் வாடகைக்கு இருந்தால், வீட்டை விட்டுவிட்டுச் சாமான்களை மட்டும் தெருவில் போட்டு எரித்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்வார்கள். கோபத்தில் தெருவுக்கு வருகிறவன் இடாப்போடா வருவான்? சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக விசாரித்த பால் சீகார்ட்டும், இது முன்கூட்டியே போட்ட திட்டம் என்றுதான் 1984இல் எழுதினார்.

வெலிக்கடைச் சிறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 25இல் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். சரி, முதல் நாள் எதிர்பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 27ஆம் திகதி அதே சிறையில் இன்னும் 18 பேரைக் கொன்றார்களே, அதற்கு என்ன பதில்? தலைநகரில், அரசாங்கத்தின் பூட்டுக்குள் நடந்த கொலைகள் இவை. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அமைச்சர் சிறில் மத்தியூவின் பெயரும் அவருடைய ஜாதிக சேவக சங்கமய தொழிற்சங்கத்தின் பெயரும் இந்த வன்முறையோடு சேர்த்து அன்றிலிருந்து அடிபடுகின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிந்த இரவில் அவரும் இன்னோர் அமைச்சரான காமினி திசாநாயக்கவும் அதே ஊரில்தான் இருந்தார்கள். 1983 ஜூனில் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் வீட்டு வாசலுக்கே காடையர்கள் போய்க் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதம் என்ன வரும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தடைதான் உங்களைத் தலைமறைவுக்குத் தள்ளியது. பின்னர் 1987-89 கிளர்ச்சியில் தெற்கில் ஓடிய இரத்தத்தை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். (அதில் உங்கள் பங்கும் உண்டு, அது வேறொரு மடலுக்கான விஷயம்.) 2025 மார்ச்சில் பட்டலந்த வதைமுகாம் பற்றிய அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தீர்கள். நல்லது. உங்கள் தோழர்கள் பட்ட சித்திரவதை சபைக்கு வரலாம் என்றால், எங்கள் ஜூலையும் வரலாம்தானே? 2024 தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை உங்களுக்குத் தந்த சனங்கள் கேட்கிறோம்.

ஜூலை 24 முதல் 30 வரையிலான அமைச்சரவைக் கோப்புகளையும் பொலிஸ், இராணுவக் கட்டளைப் பதிவுகளையும் வெளியிடுங்கள். ஊரடங்கைத் தாமதப்படுத்தியவர் யார், இடாப்புகள் எந்த அலுவலகத்திலிருந்து வெளியே போயின என்று விசாரியுங்கள். உங்கள் கட்சியைத் தடைசெய்ய அன்று காட்டிய காரணங்கள் அடங்கிய கோப்பையும் சபையில் வையுங்கள். அதைக் கேட்க உங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? முதலில் அந்த ஒரு கோப்போடு ஆரம்பித்தாலும் போதும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்