சேலையை நனைக்கட்டுமா?

ஏற்காடு,
ஞாயிறு மதியம்

மங்கா,

நாங்கள் நலம். உன் முட்டிவலி எப்படி? ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது என்ன விசாரிப்பு என்று கேட்பாய். கேள், கேட்க வேண்டியதுதான். நீ போன் செய்தபோதெல்லாம் "தைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்றேனே, பச்சைப் பொய். ஒட்டுப்போர்வை தைக்க நீ தந்த உன் அம்மாவின் சேலைகளில் நான் இன்னும் கத்தரியே வைக்கவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், ஒன்றும் தீர்மானமாகாது. அதனால்தான் கடிதம்.

பேத்தி குண்டாக இருக்கிறாள், ராத்திரி தூங்குவதில்லை. அவ்வளவுதான் வீட்டுச் சேதி.

போர்வைக்கு அடித்துணி வேண்டும். ஏற்காட்டுக் கடைகளில் மிளகு, காப்பித்தூள், தைல பாட்டில் எல்லாம் கிடைக்கிறது, நான் கேட்ட மெல்லிய வெள்ளை மல்துணி கிடைக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காரில் சேலம் கூட்டிப்போகிறேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஏழு ஞாயிறு போயிற்று. எட்டாவது வாரம் புதன்கிழமை காலையில், கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு. கொடைக்கானல் டூரில் குண்டு சாந்தி பண்ணிய கூத்தை நினைத்துக்கொண்டே பழத்தை மோந்தபடி இறங்கினேன். மானம் போகவில்லை.

சேலத்தில் முதலில் செய்தது முட்டாள்தனம். கண்ணைப் பறிக்கிற பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் நுழைந்துவிட்டேன். மல் வேண்டும் என்றால் அந்தப் பையன் பட்டுச்சேலையை விரிக்கிறான். "போர்வைக்குப்பா" என்றேன். மூன்றாம் மாடிக்கு அனுப்பினான், அங்கே ரோஜாப்பூப் போட்ட கம்பளி. மூன்று மாடி, உன் முட்டியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ராஜகணபதி கோயில் பக்கம் கடைவீதியில், ஒரு திண்ணையில் மெஷின் போட்டிருந்த டெய்லரிடம் போய், "அண்ணே, லைனிங் துணி நீங்க எங்கே வாங்குவீங்க?" என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காடாவா, மல்லா? பன்னா அகலம் எவ்வளவு?" என்றார். மங்கா, அந்த ஒரு கேள்வியில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது! பன்னா கேட்கிற மனிதனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! காரில் போனால் போர்டு பெரிதாக இருக்கிற கடை மட்டும்தான் கண்ணில் படும். நடந்து போனால் ஊசியும் நூலும் எங்கே இருக்கிறதோ அங்கே கால் தானாக நிற்கும். இனி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டெய்லர், பிறகுதான் கடை.

அவர் காட்டிய சந்தில் கிடைத்தது, 44 இஞ்ச் பன்னா. ஒற்றைக் கட்டில் போர்வை 60க்கு 90. சுருங்குவதற்கும் சேர்த்துச் சுற்றிலும் நாலு நாலு இஞ்ச் விட்டால் நீளம் 98. இரண்டரை மீட்டராக இரண்டு துண்டு எடுத்து நடுவில் மூட்டினால் சரியாக ஐந்து மீட்டர். கெட்டிப் பெட்ஷீட்டை அடியில் வைத்தால் மூட்டுகிற வேலை மிச்சம்தான், ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டும்போது ஊசி ஏறாது, விரல் நுனி புண்ணாகும். நடுவில் இவருடைய பழைய எட்டு முழ வேட்டிகள்தான். இலவம் பஞ்சு போடலாமே என்கிறாள் என் பெண். ஒரு துவையலில் அது மூலைக்கு மூலை உருண்டையாகத் திரண்டுவிடும், அதெல்லாம் தலையணையோடு சரி.

வந்தது வந்தோம் என்று டவுன் பஸ்ஸில் அம்மாப்பேட்டைக்கும் போனேன். 2021இலிருந்து பெண்களுக்குத்தான் அதில் டிக்கெட் காசில்லையே, இறங்கி ஏறக் கணக்குப் பார்க்க வேண்டாம். பின் சீட்டில் இரண்டு பெண்கள் சௌராஷ்டிரத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கண்ணை மூடினால் உங்கள் தெரு. உன் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்களிடம் பேரம் பேசுவது காதில் கேட்டது. திரும்பும்போது ஒரு கடையில் பிட்டுத் துணியை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு கிலோ வாங்கிவிட்டேன். எதற்கு என்று கேட்காதே, வீட்டில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இருபது வளைவு.

சரி, இனிதான் விஷயம்.

அன்று ராத்திரியே சேலைகளை விரித்தேன். அந்தச் சிவப்புச் சுங்குடி, ஒரே தடவை கட்டி வெற்றிலைப் பெட்டியோடு டிரங்கில் வைத்திருந்தார்களே, அதன் ஓரத்தில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கைக்குட்டை சிவந்துவிட்டது. அப்படியே தைத்தால் முதல் துவையலில் வெள்ளை மல் முழுக்கச் சாயம் ஏறும். புது மல் வேறு சுருங்கும், அதையும் முன்பே நனைத்துக் காயப்போட்டாக வேண்டும். மல்லை நனைத்துவிட்டேன். சுங்குடியைத் தண்ணீர் தெளிகிற வரை தனியாக அலச வேண்டும். வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டேன்.

மடிப்பைப் பிரித்தால் பன்னீர்ப் புகையிலை வாசனை, மங்கா. ஹாஸ்டலில் நம் ஏழாம் நம்பர் ரூமுக்கு உன் அம்மா முறுக்கு டின்னோடு வந்தால், அவர்கள் போன பிறகும் மெத்தையில் இருக்குமே, அதே வாசனை. வாளித் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அலசினால் அது போய்விடும். அந்த ஒரு சேலையை மட்டும் போர்வையில் சேர்க்காமல் அப்படியே உனக்கு அனுப்பிவிடலாம். மற்ற நாலும் வெளுத்த பருத்தி, பிரச்சனை இல்லை. இல்லை, முந்தானையில் ஒரு சாண் மட்டும் நனைக்காமல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அலசலாம். எனக்கென்னவோ சிவப்பு இல்லாமல் போர்வை சோகையாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் சேலை உன்னுடையது, அம்மாவும் உன்னுடையவள்.

என்ன செய்யட்டும், சீக்கிரம் எழுது. போன் வேண்டாம்.

உன்
ராஜி

பி.கு. நாலு கிலோவில் உனக்கு இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கில்லை.