செயலாளர் ஆண்டறிக்கை: வீட்டு மின்செலவுக் குறைப்புப் பணிகள்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு கையில் எடுத்தது ஒரே வேலைதான்: பெரிய செலவில்லாத சிறு மாற்றங்களால் உறுப்பினர் வீடுகளில் யூனிட்டைக் குறைப்பது. எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம்.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு, அதாவது அதன் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னும், என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும். மற்றவற்றை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு சாதனத்தை மட்டும் ஓட்டி, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும். அதை 60,000-ஆல் பெருக்கி, அச்சிட்ட எண்ணால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 3200 துடிப்பு மீட்டரில் நிமிடத்துக்கு 10 மின்னினால் 187.5 வாட். பிரிட்ஜுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் 24 மணி நேரம் அளந்தால்தான் உண்மை தெரியும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு பிளக் செருகியபடி இருக்கிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. கசிவு என்றால் எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும்.

பலரும் சந்தேகப்பட்டது இஸ்திரிப் பெட்டியை. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடும் 1000 வாட் பெட்டிக்கு வாரம் ஒரு யூனிட்தான் ஆகும். நாளுக்கு 15 மணி நேரம் சுற்றும் 75 வாட் மின்விசிறி ஒரே நாளில் அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி மின்விசிறிக்கே போனது.

பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்) மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 30 வாட் எடுக்கும். அதே 15 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் மாதம் ஒரு மின்விசிறியில் 20 யூனிட் மிச்சம். இதைப் பொருத்தும்போது நேரும் பெரிய தவறு, சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை வெட்டித் தருவதால் மின்விசிறிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு முரண்டு பிடிக்கும். இரைச்சல் எழும், நாளடைவில் போர்டே போய்விடும். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேராக இணைப்பதே முறை. வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

பழைய மின்விசிறியையே வைத்துக்கொள்வோர், வேகம் குறைந்திருந்தால் முதலில் கெபாசிட்டரை (மோட்டார் சுழல உதவும் சிறு பாகம்) மாற்றிப் பார்க்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே (பெரும்பாலும் 2.5) வாங்க வேண்டும். வேகம் கூடட்டும் என்று அதைவிடப் பெரியதைப் போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். சூடாகும் பெட்டி வகை ரெகுலேட்டர் இருந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாறுவது நல்லது. குறைந்த வேகத்தில் பெட்டி வகை மிச்சப்படுத்துவது சொற்பம், மீதியை வெப்பமாக்கி வீணடிக்கிறது.

தாமிரச் சோக் (கம்பி சுற்றிய பழைய வகை) உள்ள 36 வாட் டியூப்லைட், சோக்கின் இழப்பையும் சேர்த்தால் 45 வாட்டுக்கு மேல் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. பட்டி அதே வேலையைச் செய்கிறது. எல்.இ.டி. பல்பு சீக்கிரம் போவதாக வந்த புகார்களில் காற்றுப் புகாத மூடிய கிண்ணம் ஒரு முக்கியக் காரணம்: சூட்டில் பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டின் கெபாசிட்டர் உலர்ந்துவிடுகிறது. அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்தால் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் இருக்கக்கூடும். ஒளிரும் இண்டிகேட்டர் உள்ள சுவிட்சும் இப்படிச் செய்யும், அதில் ஆபத்தில்லை. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றுகிறவர் கையில் ஷாக் அடிக்கும். உடனே திருத்தியாக வேண்டும்.

பிரிட்ஜில் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் காஸ்கெட் (கதவோர ரப்பர் பட்டை) தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, பிசுக்கை நீக்கியும் பிடிக்காவிட்டால்தான் புதிது வாங்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டர் கணக்கு எளிது. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.6 யூனிட் வேண்டும்; 2000 வாட் ஹீட்டருக்கு 18 நிமிடம். நாள் முழுதும் போட்டு வைப்பதில் தொட்டி வெப்பத்தை இழந்து இழந்து மீண்டும் சூடேற்றிக்கொள்கிறது. உப்பு படிந்த எலிமெண்ட் (நீரைச் சூடாக்கும் கம்பி) யூனிட்டைக் கூட்டும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் வெப்பம் கடைசியில் நீருக்குத்தான் போகிறது, ஆனால் எலிமெண்ட் அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் எரிந்துபோகும்.

ரிமோட்டில் மட்டும் அணைக்கும் சாதனம், அணைத்த நிலையிலும் 10 வாட் இழுத்தால் மாதம் 7.2 யூனிட். சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி போதும்.

பிளக்கில் செருகினாலே கட்டணம் குறையும் என்று விற்கும் ‘பவர் சேவர்’ பெட்டிகளை வாங்கிய உறுப்பினர்களுக்கு ஒரு சொல்: அதனுள் பெரும்பாலும் இருப்பது ஒரு கெபாசிட்டரும் ஒரு சிறு விளக்கும். கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு) மட்டும் தொடும். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டைத் தொடாது. அந்த விளக்கு எரிவதற்கும் நீங்கள்தான் கட்டணம் செலுத்துகிறீர்கள்.

வரும் ஆண்டில் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சும், தண்ணீர்த் தொட்டிக்கு, நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் எடுத்துக்கொள்ளச் செயற்குழு முன்மொழிகிறது. மாதந்தோறும் ஒரே தேதியில் மீட்டர் அளவைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் பூச்சுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்