வியாசர்பாடித் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

மகள் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டாள். விடுதியில் இடம் கிடைத்து வகுப்புக்கும் போகத் தொடங்கிவிட்டாள். அவள் குரலில் பழைய துடுக்கு திரும்பியதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நாலு வரி எழுதத் தெம்பு வந்தது. எங்களுக்கு இன்னும் நெட் வரவில்லை. நான் போனில் சொல்லச் சொல்ல அவள்தான் இதை அடித்துப் போடுகிறாள். மணிப்பூரில் மியான்மர் எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான மோரேயில், இந்த 2023 மே மாதத்திலிருந்து மைதேயி, குக்கி மக்களுக்கிடையிலான கலவரத்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை.

முதல் நன்றி, சென்னை வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. என் சித்தப்பா மகள் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கப் போன வழியில் அவரிடம் எங்கள் நிலைமையைச் சொல்லி, கடை எண்ணை வாங்கிக் கொடுத்தாள். கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான். எங்கள் பக்கம் பேசலாம், எஸ்எம்எஸ் வரும், அதுவும் சிக்னல் இருந்தால்.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்" என்றார். மகள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தெங்னௌபால் என்ற எங்கள் மாவட்டப் பெயரைப் புரியவைப்பதற்குள் லைன் அறுந்துபோகும். அவரே திரும்பக் கூப்பிடுவார். ஓடிபி எங்கள் போனுக்கு வரும். வந்ததும் இவள் எண்களைக் கத்திச் சொல்வாள். சில நேரம் அது தாமதமாக வந்து, அதற்குள் அங்கே நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் போய்விடும். "பரவாயில்லக்கா, பாப்பா மார்க்கெல்லாம் எனக்கே மனப்பாடம்" என்று மறுபடி ஆரம்பிப்பார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். யாராவது அவசரப்படுத்தினால், "ஒரு நிமிஷம் சார், மணிப்பூர் லைன்ல இருக்கு" என்பார்.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம் சான்றிதழ்களை எடுத்துப்போய், அசாம் சேர்ந்ததும் படம் பிடித்து அவருக்கு அனுப்பியது. அளவு பெரியது என்று தளம் ஏற்கவில்லை. சுருக்கி, நேராக்கி, போட்டோவின் பின்னணியை வெள்ளையாக்கி ஏற்றினார். கட்டணத்தையும் அவரே கட்டிவிட்டார். பணம் எப்படி அனுப்புவது என்று கேட்டேன். "நெட் வரும்போது ஜிபே பண்ணுங்க. எங்க ஓடிடப் போறீங்க?" என்றார். மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்த சமயம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்து எத்தனை நாளாகியிருந்தது!

அவருடைய தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவராம். பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடை கண்ணியை விட்டுவிட்டு வந்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். தமிழ்நாட்டு முகாமில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு வழியாகக் கிளம்பிய கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். எல்லையில் விடவில்லை, மோரேயில் தங்கிவிட்டார்கள். இங்கே உள்ள அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அப்படி வந்தவர்கள் உண்டாக்கியவைதான்.

அப்புறம், அரிசி பகிர்ந்த நேபாளி அண்ணன், எங்கள் ஆவணப் பெட்டியை வைத்துக் காத்த குக்கி அக்கா, ஊரைவிட்டுப் போக நேர்ந்த பிறகும் போன் போட்டு விசாரித்த மைதேயி தோழி, மாத்திரை கொடுத்த முகாம் மருத்துவர், சங்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் கும்பிடு. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிப் பெரிதாகத்தான் பேசுவார்கள். 1995இல் எல்லை வணிகம் திறந்தது. 2019இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி வந்தது. மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேண்டாம் என்று சொல்வேனா? அக்கரைச் சரக்கை விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஆனால் இம்பாலுக்குப் போகிற 110 கிலோமீட்டர் சாலை அடைபட்டால் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் வெளியே போக வழியில்லை என்றால், அதையும் வளர்ச்சிக் கணக்கில் எழுத வேண்டாமா? வார்டுக்கு ஒரு படிப்பகம், ஒரு ஜெனரேட்டர், அறுந்துபோகாத ஒரு போன், படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு ஆள். சோதனைச் சாவடிக்கு ஆன செலவில் இதெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது. நகராட்சிக்கு இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தச் சாதியாரோ, எந்த மொழிக்காரரோ, முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

அதுவரை சும்மா இருக்கப்போவதில்லை. கடையைத் திறக்க முடிகிற அன்றைக்கு முன்பக்கம் ஒரு மேசை போடுவேன். எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் படிவம் நிரப்பித் தரப்படும், காசு வாங்க மாட்டேன்.

தம்பி, கட்டணப் பணத்தை மகளிடம் கொடுத்தனுப்பினேன். வாங்க மாட்டேன் என்றீர்களாம். அது சரியில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே உமோரோக் மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டில் இருக்கிறது. அத்தோவுக்குப் போட்டால் நன்றாக இருக்கும். காரம் ரொம்ப அதிகம், முதலில் துளிதான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மோரேயிலிருந்து உங்கள் அக்கா